விமானம் ஏறும் முன் ஒரு பரிசோதனை: சுங்கை சிப்புட் கிளினிக் ஒன்றின் கர்ப்பகாலப் பயணச் சேவை

கர்ப்பிணிப் பெண் விமானப் பயணம் செய்யலாமா என்பதைப் பரிசோதித்து, அதற்குரிய மருத்துவர் கடிதத்தைத் தருகிற கிளினிக்குகள் நம் மலேசியாவில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கடிதத்தில் முத்திரை குத்தி விடுகிறார்கள். சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்னால் கடைவீட்டு வரிசையில் இயங்கும் இந்தத் தனியார் கிளினிக்கைப் பற்றி நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம், இங்கே அந்தக் கடிதம் பரிசோதனையின் முடிவில்தான் கைக்கு வருகிறது, பரிசோதனையில் குறை தெரிந்தால் வராமலும் போகிறது என்பதே.

என் தங்கைக்கு அவள் கணவர் குடும்பத்துத் திருமணம் திருச்சியில். அதற்காக அவள் கர்ப்பத்தோடு போய்வர வேண்டியிருந்தது. துணைக்கு நானும் சென்றேன். பயணச்சீட்டை வேறொரு பட்டணத்தில் உள்ள ஒரு பயண முகவரிடம் எடுத்திருந்தோம். கர்ப்பமாக இருப்பதைத் தங்கையே எடுத்துச் சொல்லியும், எத்தனை வாரம் என்று அந்த முகவர் கேட்கவில்லை. தளர்வான சுடிதார் போட்டுக்கொண்டால் கவுண்டரில் யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்ன ஆலோசனை எனக்கு இன்றும் கோபத்தை வரவழைக்கிறது. வயிற்றை மறைத்துக்கொண்டு விமானத்தில் ஏறிய பெண்ணுக்கு நடுவானில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், அந்தச் சுடிதார் என்ன செய்யும்? இந்த ஆலோசனையைக் கேட்டு நடப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் மருத்துவர் முதலில் கேட்டது பிங்க் புக் என்று நாம் சொல்லும் தாய்நலப் பதிவேட்டை. அடுத்துக் கேட்டது திரும்பி வரும் பயணச்சீட்டை. போகும் தேதியை அல்லவா கேட்பார்கள் என்று தங்கை தயங்கியபோது, மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகப் பேனா முனையால் தொட்டு எண்ணிக் காட்டினார். போகும் நாளில் 26 வாரம், திரும்பும் நாளில் 29 வாரம். நாங்கள் எடுத்திருந்த ஏர் ஏசியா விமானத்தின் விதிப்படி, 27 வாரம் வரை பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். 28 முதல் 34 வாரம் வரை, கர்ப்பத்தின் வாரக் கணக்கையும் பயணத்திற்குத் தகுதி உண்டு என்பதையும் உறுதிப்படுத்தும் மருத்துவர் கடிதம் வேண்டும். 35 வாரத்தை எட்டிவிட்டால் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கடிதமும் பயண நாளுக்கு முந்திய 30 நாளுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே, போகும்போது கடிதமே தேவைப்படாத என் தங்கை, வரும்போது கடிதம் இல்லையென்றால் திருச்சியிலேயே நின்றுவிட நேர்ந்திருக்கும். புறப்படுவதற்குச் சற்று முன்னதாகக் கடிதத்தை வாங்கிக்கொண்டால் அதே தாள் திரும்பும் நாளுக்கும் செல்லும் என்று கணக்கிட்டு, கடிதம் வாங்க எந்த வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்பதையும் மருத்துவரே குறித்துக் கொடுத்தார். திருச்சி விமான நிலையத்தில் கவுண்டர் ஊழியர் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, தேதியையும் வாரக் கணக்கையும் மருத்துவரின் முத்திரையையும் பார்த்த பிறகே இருக்கை அட்டையைக் கொடுத்தார்.

நம் குடும்பங்களில் இந்தக் கணக்கு தவறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நாம் மாதக் கணக்கில் பேசுகிறோம், விமான நிறுவனம் வாரக் கணக்கில் பேசுகிறது. "ஏழாம் மாதம் நடக்கிறது" என்று பாட்டி சொல்லும்போது அது 27 வாரமாகவும் இருக்கலாம், 30 வாரமாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் கடிதம் தேவை என்ற எல்லைக்கோடு விழுகிறது. வளைகாப்பைத் தமிழ்நாட்டில் தாய்வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வைத்துக்கொள்ள விரும்பி ஏழாம் மாதத்தில் பயணம் வைப்பவர்கள் எல்லோரும் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் வைக்கிறவர்களோ, திரும்பும்போது எந்த விமானமும் ஏற்றாத கட்டத்தை எட்டிவிடக்கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடுவதால், சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட வேண்டும்.

இந்த எல்லைகள் எதற்காக என்பதை மருத்துவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விமானம் பறப்பதனால் பிரசவ வலி வந்துவிடும் என்பது காரணமல்ல. 37 வாரத்திற்குப் பிறகு வலி எப்போது வேண்டுமானாலும் இயல்பாகவே வரலாம். அப்படி வந்தால் 35,000 அடி உயரத்தில் மகப்பேறு மருத்துவரும் இல்லை, அறுவைக் கூடமும் இல்லை, ரத்தமும் இல்லை. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மருத்துவ வழிகாட்டி, சிக்கலில்லாத ஒற்றைக் கர்ப்பத்திற்கு 36 வாரத்தையும் இரட்டைக் கர்ப்பத்திற்கு 32 வாரத்தையும் எல்லையாக வைப்பது இதனால்தான். பயணத்திற்கு உகந்த காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 14 முதல் 28 வாரம் வரை. மசக்கை அடங்கி, வயிறும் இன்னும் பெரிதாகாத அந்த நடுக்காலத்தில் அவசர நிலைகளும் குறைவு.

முதல் மூன்று மாதத்தில் பறந்தால் கரு கலைந்துவிடும் என்று எங்கள் தோட்டக் குடியிருப்பில் பெரியவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். எப்போதாவது செய்யும் ஒரு விமானப் பயணம் கருச்சிதைவை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றில் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைகின்றன, அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நிகழ்கின்றன. அந்தக் காலத்தில் பயணமும் செய்திருந்தால் பழி பயணத்தின் மேல் விழுகிறது. ஒரு பெண் தன் இழப்புக்குத் தானே காரணம் என்று ஆயுள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பதைவிட, இந்த உண்மையை அவளிடம் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். ஆனால் முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தரித்த பெண்கள், இம்முறை கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பதை ஸ்கேனில் உறுதிசெய்யாமல் பறக்கக் கூடாது. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பரிசோதனைக்கு வருகிறேன். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், பிறகு ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியும் நஞ்சுக்கொடியின் இடமும். என் தங்கைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.4 கிராம் என்று வந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்கும், நடு மூன்று மாதத்தில் 10.5க்கும் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், 7.5க்குக் கீழே போனால்தான் பறப்பதற்கு முன் தனி மதிப்பீடு தேவைப்படுகிறது. ஆகவே இந்த அளவு பயணத்திற்குத் தடையில்லை என்றாலும் மருத்துவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டார். காலைத் தேநீரோடு என்றாள் தங்கை. தேநீர் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது, தண்ணீரோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ விழுங்கிவிட்டுத் தேநீரைப் பிறகு குடி என்று சொல்லி, அதைப் பதிவேட்டிலும் எழுதினார். காலையில் எழுந்ததும் பால் தேநீர் குடிக்காமல் எதையும் தொடாத எங்கள் தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

ரத்தசோகையைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்றால், விமானத்திற்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போன்றதன்று. அது 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்திற்குச் சமமாக வைக்கப்படுகிறது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி பிரிஞ்சாங் சிகரம் வரை காரில் போயிருப்பவர்கள், ஏறக்குறைய 6,600 அடியில் நின்று அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். அங்கே தாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறைகிறது. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின், பெரியவர்களுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதால், ஆரோக்கியமான கர்ப்பத்தில் குழந்தைக்கு இதனால் கேடு வருவதில்லை. கடுமையான ரத்தசோகையோ, இதய, நுரையீரல் நோயோ உள்ள தாய்க்கும், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாத குழந்தைக்கும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

அன்று எங்களுக்கு முன்னால் உள்ளே சென்ற பெண்ணுக்குக் கடிதம் மறுக்கப்பட்டது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி தாழ்ந்து இருக்கிறது, அண்மையில் ரத்தமும் பட்டிருக்கிறது என்று வெளியே வந்து தன் மாமியாரிடம் அந்தப் பெண்ணே சொன்னாள். கட்டிய பணம் வீணாகிறதே என்று மாமியார் வாதாடினார். மருத்துவர் அறையிலிருந்து எழுந்து வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இந்த நிலைமையில் ரத்தம் போக ஆரம்பித்தால் அது நிற்காது. இங்கே என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில் இருக்கிறது. மேலே பறக்கும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் கொடுத்தனுப்புவது எளிது. அதைச் செய்யாத ஒரு கிளினிக் என்பதற்காகவே இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன்.

ரத்தக்கட்டியைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் பயணத் திட்டத்தையே மாற்றியது. கர்ப்பிணிக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு, கர்ப்பமில்லாத அதே வயதுப் பெண்ணைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது மேலும் கூடுகிறது. திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம்தானே என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் வேறு விதமாகக் கூட்டினார்: தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்குக் காரில் மூன்று மணி நேரத்திற்கு மேல், அங்கே காத்திருக்கும் நேரம், விமானம், அங்கிருந்து ஊருக்கு மறுபடி கார். உட்கார்வது விமானத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. தோட்டப்புறத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு மட்டுமே உரிய இந்தக் கணக்கை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரண்டு முறை நிறுத்தி நடந்தோம். விமானத்தில் நடைபாதையோர இருக்கை எடுத்துக்கொண்டு அவ்வப்போது எழுந்து நடந்தாள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்தபடி இருந்தாள்.

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் அழுத்தக் காலுறை அணியச் சொல்லி, கணுக்காலையும் கெண்டைக்காலின் பருத்த பகுதியையும் அளவு நாடாவால் அளந்து எழுதிக் கொடுத்தார்கள். அதே நாடாவை மிஸ்ஸி (தாதி) தன் இடுப்பில் சுற்றி, இருக்கை வார் வயிற்றின் மேல் குறுக்கே போகக் கூடாது, வயிற்றுக்குக் கீழே இரு இடுப்பெலும்புகளின் மேல் படிந்து போக வேண்டும் என்று காட்டினார். சொல்லிக் கேட்பதைவிட அந்த ஒரு நிமிடம் பார்த்தது நன்றாக மனத்தில் நின்றது. காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன், படுக்கையை விட்டு எழுந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் விழுங்கிக்கொள் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்ததைக் கேட்டபோது, பயணத்திற்காக மட்டும் அதைச் சாப்பிட வேண்டியதில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரச கல்லூரியின் அறிவுரையும் அதுவே. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஊசி மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமான நிலையத்தில் கடந்து செல்லும் உலோகச் சோதனை வாயில் எக்ஸ்ரே அன்று. அதனால் குழந்தைக்குப் பாதிப்பில்லை. வானில் இருக்கும் அண்டக் கதிர்வீச்சு எப்போதாவது பறப்பவருக்குப் பொருட்படுத்தத் தக்கதன்று. மாதம் முழுவதும் பறக்கும் விமானப் பணியாளர்கள்தான் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியவர்கள். உயரம் போகப் போகக் குடலில் இருக்கும் வாயு விரிவடைவதால் புறப்படும் முன் கடலை வகைகள், முட்டைக்கோஸ், சோடா பானங்களைத் தவிர்ப்பது நல்லது. வழியனுப்பும் விருந்தில் கொண்டைக்கடலை சுண்டல் வைத்திருந்த என் அத்தைக்கு இதைச் சொல்லிச் சமாதானப்படுத்த நேரமாயிற்று. விமானத்திற்குள் காற்று மிக உலர்ந்தது என்பதால் தண்ணீர் தொடர்ந்து குடிக்க வேண்டும்.

போய்ச் சேரும் ஊரைப் பற்றியும் மருத்துவர் பேசினார். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் இ என்னும் மஞ்சள் காமாலை, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தாலோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தமிழ்நாட்டிற்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு விமானத்தைவிட அங்கே திருமணப் பந்தியில் வைக்கப்படும் தண்ணீர் டம்ளர்தான் அதிகம் கவனிக்க வேண்டியது என்பது என் கருத்து. கொதிக்க வைத்த நீரோ மூடி பிரிக்காத பாட்டில் நீரோ மட்டுமே குடிக்க வேண்டும். ஐஸ் வேண்டாம், வெட்டி வைத்த பழமும் வேண்டாம். உறவினர் மனம் நோகுமே என்று ஒரு வாய் குடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், கணவரையும் அறைக்குள் அழைத்து இதை அவரிடம் சொன்னார்கள். மறுக்க வேண்டிய பொறுப்பு அவருடையதாகிவிட்டதால் தங்கைக்கு வேலை எளிதாயிற்று.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை காலையில் காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறவர்கள் மத்தியில் கர்ப்பிணிகளும் நெடுநேரம் அதே பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவது கடினமான காரியமல்ல. அளந்து எழுதிக் கொடுத்த காலுறை அங்கே விற்பனைக்கு இல்லை, சுங்கை சிப்புட்டில் எங்கள் அளவுக்குக் கிடைக்கவும் இல்லை. ஈப்போவுக்குப் போய் வாங்கினோம். இவ்வளவு நல்ல அறிவுரைகளையும் வாயால் சொல்கிறார்களே தவிர, வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் காட்டத் தமிழில் அச்சிட்ட ஒரு தாள் கூடக் கையில் தருவதில்லை. தோட்டத்து வீடுகளில் பயணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மாமியாரும் அம்மாவும்தான். அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டிய தாள் அது. பயணக் காப்புறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. பல காப்புறுதித் திட்டங்கள் பிரசவச் செலவையும் பிறக்கும் குழந்தையின் சிகிச்சையையும் ஏற்பதில்லை. குறைமாதக் குழந்தை ஒன்று வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனையில் வாரக் கணக்கில் இருக்க நேர்ந்தால் அந்தச் செலவை எந்தத் தோட்டக் குடும்பமும் தாங்காது. பத்திரத்தில் கர்ப்பம் பற்றிய பகுதியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கட்டணம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கடிதமும் சேர்த்து, ஈப்போவில் நாங்கள் விசாரித்த தொகையைவிடக் குறைவாகவே இருந்தது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிவு செய்திருப்பவர்கள் அங்கிருக்கும் மருத்துவ அதிகாரியிடமும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். தனியாரிடம் போனாலும், அரசாங்க கிளினிக்கின் பதிவேடு இல்லாமல் போகாதீர்கள். கர்ப்பம் முழுவதன் வரலாறும் அதில்தான் இருக்கிறது. பதிவேட்டின் மேல் ஒட்டப்படும் வண்ணக் குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையும் பச்சையும் உள்ளவர்களுக்கு இந்தக் கிளினிக் போதுமானது. மஞ்சள் குறி இருந்தால் அது நிபுணர் பார்க்க வேண்டிய கர்ப்பம் என்று பொருள். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையிலோ வேறு மருத்துவமனையிலோ உங்களைக் கவனிக்கும் நிபுணரிடம் கேட்டுவிட்டுத்தான் பயணச்சீட்டைப் பற்றியே பேச வேண்டும். சிவப்புக் குறி உடனடியாக மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைக் காட்டுவது. அப்போது பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

திரும்பி வந்த பிறகும் சில வாரங்களுக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் கிளினிக்கிற்கு வராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மிஸ்ஸி தங்கையின் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து கொடுத்தார். கிளினிக்கிற்குப் போகிறவர்கள் பதிவேட்டையும், போகும் சீட்டு, திரும்பும் சீட்டு இரண்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள்; பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு வேலை நாளில் போனால், ரத்தப் பரிசோதனையில் ஏதேனும் குறை தெரிந்தாலும் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.